மருத்துவராக இருந்து அரசியலுக்கு வந்தவர்களில் நீங்கள் மிகவும் மதிப்பது யாரை, ஏன்?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. யோசிக்கவே தேவையில்லாத பதில் இது. ஆனால் சில வருடங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் இந்தப் பெயர் என் வாயில் வந்திருக்காது.

என் தங்கைக்கு முதல் பிரசவம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவளை அழைத்துப் போனபோது அங்கிருந்த நர்ஸம்மா முதலில் கேட்டதே, "முத்துலட்சுமி திட்டத்துல பேர் பதிஞ்சாச்சா?" என்றுதான். அரசு தருகிற மகப்பேறு நிதியுதவிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது தங்கை கேட்டாள்: "அண்ணே, யாரு இந்த அம்மா? எதாவது மந்திரியோட சொந்தக்காரங்களா?" பள்ளிப் பாடத்தில் படித்த "முதல் பெண் மருத்துவர்களில் ஒருவர், தேவதாசி முறையை ஒழித்தவர்" என்ற ஒரு வரிக்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அதன் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1886 ஜூலை 30-இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், பொட்டுக்கட்டும் வழக்கம், அதாவது சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தேவதாசியாக்கும் வழக்கம், இருந்த இசை மரபைச் சேர்ந்தவர். இந்தத் திருமணத்துக்காக அப்பாவை அவருடைய உறவுகள் ஒதுக்கி வைத்தன. பின்னால் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி பேசியதெல்லாம் யாரோ முகம் தெரியாத பெண்களைப் பற்றி அல்ல, தன் அம்மாவும் பாட்டியும் வந்த வழியைப் பற்றி. இதை மறந்துவிட்டுப் படித்தால் அவருடைய கோபம் பிடிபடாது.

மெட்ரிகுலேஷனை வீட்டிலிருந்து படித்தே தேறினார். அடுத்துக் கல்லூரிக்குப் போக வேண்டும். ஆண்கள் மட்டும் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு கிளம்ப, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் தங்கப் பதக்கங்களோடு பட்டம், பிறகு எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணி. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொள்ளும்போது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலையில் குறுக்கிடக் கூடாது என்று நிபந்தனை வைத்துத்தான் சம்மதித்தார்.

1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை இறந்துபோனார். குடல் புற்றுநோய். முதலில் அது சீதபேதி என்றே நினைத்தார்கள். உண்மை தெரிந்தபோது செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. வீட்டிலேயே இரண்டு டாக்டர்கள் இருந்தும் கண்ணெதிரே தங்கையை இழந்தார்கள். 1925-இல் அரசு உதவித்தொகையில் லண்டன் போய், பெண்கள் குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி எடுத்தபோது, புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை அங்கு இயங்குவதைப் பார்த்தார். அதை இங்கே கொண்டுவர வேண்டும் என்ற ஆசையோடுதான் திரும்பினார்.

ஆனால் வந்ததும் காத்திருந்தது வேறு வேலை. இந்திய மாதர் சங்கத்தினர் அவரைச் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போகச் சொன்னார்கள். அவருக்கு விருப்பமில்லை. மருத்துவப் பணி கெட்டுவிடும் என்று தயங்கியிருக்கிறார். கடைசியில் ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண் அவர்தான். 1927-இல் அவையின் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அங்கே இருந்தது மூன்றரை வருடம்கூட முழுதாக இருக்காது. இங்கேதான் எனக்கு அவர் மேல் மரியாதை பல மடங்கு கூடியது.

தேவதாசி முறை என்றால் நமக்கு நினைவுக்கு வருவது ஒழுக்கம் பற்றிய பிரசங்கம்தான். முத்துலட்சுமியும் அந்தப் பிரசங்கத்தைச் செய்தார், 1927 நவம்பரில் தீர்மானமும் கொண்டுவந்தார். ஆனால் 1929-இல் நிறைவேறிய சட்டத்தைப் பாருங்கள். அது நிலத்தைப் பற்றிய சட்டம்! கோயில் சேவைக்காகப் பல குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் கோயிலில் சேவை செய்கிற வரைக்கும்தான் நிலம் அவர்களுடையது. சேவை நின்றால் சோறு போடும் நிலம் கையைவிட்டுப் போய்விடும். அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது ஒரு பெண் குழந்தைக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும், அந்தக் குடும்பத்துக்கே அதில் மனமில்லாவிட்டாலும் சரி. முத்துலட்சுமி அறநிலையச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. ஒரு தீர்வையைக் கட்டிவிட்டு நிலத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம், அதற்காக எந்தப் பெண்ணும் சேவை செய்ய வேண்டியதில்லை.

காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதோடு நிற்காமல் அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகிற டாக்டரின் புத்தி இது. உணர்ச்சிகரமான பேச்சுகள் அன்றைக்கு நிறையப் பேர் பேசினார்கள். மானியப் பத்திரத்தில்தான் நோய் இருக்கிறது என்று பார்த்து, முதலில் அதைச் சரிசெய்தது இவர்.

எதிர்ப்புக்கும் குறைவில்லை. தேசியத் தலைவரான சத்தியமூர்த்தியே எதிர்த்தார். அதைவிட முக்கியமாக, தேவதாசிப் பெண்களே எதிர்த்தார்கள். பெங்களூரு நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர்கள், எங்களை மொத்தமாக விலைமாதர் என்று முத்திரை குத்தாதீர்கள், எங்கள் கலையும் சொத்துரிமையும் என்ன ஆவது என்று மனு கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், அதே மரபில் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் இந்த வழக்கத்துக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தார். நாகரத்தினம்மாள் தரப்பின் குரலை முத்துலட்சுமி இன்னும் பொறுமையாகக் கேட்டிருக்கலாம் என்பது என் கருத்து. தேவதாசிகள் ஆடிய சதிர் நடனத்தையும் பாலியல் சுரண்டலையும் அவர் ஒன்றாகவே பார்த்தார். அதனால் உண்மையான கலைஞர்கள் சிலருக்குக் காயம் ஏற்பட்டது, அவர்கள் ஆடிய கலை வேறு கைகளுக்குப் போனது. ஆனால் தன்னால் மறுத்துப் பேசவே முடியாத வயதில் ஒரு சிறுமிக்குப் பொட்டுக் கட்டுவதை நிறுத்த வேண்டும் என்ற விஷயத்தில் நான் சந்தேகமில்லாமல் அவர் பக்கம்தான்.

மற்ற வேலைகளையும் சொல்ல வேண்டும். பெண்ணின் திருமண வயது 16, ஆணுக்கு 21 என்று தீர்மானம் கொண்டுவந்தார். சிறுமிகளாகவே தாயாகிறவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்பது ஒரு பிரசவ மருத்துவருக்குத் தெரியாதா? அடுத்து 1929-இல் வந்த குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டமான சாரதா சட்டம் பெண்ணுக்கு 14-தான் வைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்றெல்லாம் விடாமல் கேட்டார்.

1930-இல் காந்தி கைதானதும் பதவியை ராஜினாமா செய்தார். பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் மசோதா அப்போது பாதியில் நின்றது. அது சட்டமாக 1947 வரை ஆனது. தொடங்கி வைத்தவர் அவையில் இல்லை, ஆனால் வெளியிலிருந்து இந்தப் பதினேழு வருடமும் அவர் அதை விடவில்லை. அதற்குள் அவர் வீட்டுக் கதவைத் தட்டிய சில சிறுமிகளுக்கு வேறு எந்த விடுதியும் இடம் தராததால், தன் வீட்டிலேயே தங்கவைத்து ஔவை இல்லத்தை ஆரம்பித்திருந்தார். சட்டம் போட்டால் போதுமா, அந்தப் பிள்ளைகள் அன்றைக்கு ராத்திரி எங்கே தூங்குவார்கள் என்பதையும் அவரேதான் யோசிக்க வேண்டியிருந்தது.

அப்புறம் அந்தப் பழைய ஆசை. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையில், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். பலருக்கு அது தேவையில்லாத செலவாகத் தெரிந்தது. புற்றுநோய் வந்தால் சாவுதானே என்ற எண்ணம் அன்று டாக்டர்களிடமே இருந்தது. மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டினார். மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டராகி இந்தத் துறைக்கே வந்தார். 1952 அக்டோபரில் அடையாற்றில் நேரு அடிக்கல் நாட்டினார். சிறிது காலத்தில் டாக்டர் சாந்தாவும் வந்து சேர்ந்து, தன் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தார்.

இதையெல்லாம் ஒருநாள் சாயங்காலம் தங்கையிடம் உட்கார்ந்து சொன்னேன். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சட்டமன்றக் கதையையெல்லாம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அந்த ஆஸ்பத்திரி தொறக்கிறப்போ அவங்களுக்கு என்ன வயசு?"

1954 ஜூன் மாதம், பன்னிரண்டு படுக்கைகளோடு திறந்தார்கள். முத்துலட்சுமிக்கு 68 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய தங்கை போய் முப்பது வருடம் ஆகியிருந்தது.