கிரேட் டேனைத் திட்டாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டு கிரேட் டேன் பகல் முழுக்கத் தூங்குகிறது. அதுவும் மல்லாந்து, நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு! சில நேரம் தூக்கத்திலேயே குரைக்கிறது. காவலுக்கென்று வாங்கிய நாய் இப்படிச் சோம்பேறியாக இருக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: ‘சோம்பேறி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதல் பதில். நம் ஊரில் பகலில் கண்மூடுகிற எவரையும் இந்தச் சொல்லால் அடிப்பது பழக்கமாகிவிட்டது. இரவு ஷிப்ட் முடித்து வந்த நர்ஸ் காலை பத்து மணிக்குப் படுத்திருந்தால் அக்கம்பக்கத்தில் முகம் சுளிக்கிறார்கள். இதை எதிர்த்து இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் காரசாரமான கடிதங்கள் வருகின்றன. வரட்டும். நாய்க்காகவும் எழுதுகிறேன்.

வளர்ந்த நாய் நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் தூங்கும். பெரிய இனங்கள் இன்னும் கூடுதலாகவே தூங்கும். ஆனால் நம்மைப் போல ஒரே மூச்சில் அல்ல. ஆடம்ஸ், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இரவு எட்டு மணி நேரத்தில் ஒரு நாய் சராசரியாக 23 முறை தூங்கி விழிக்கிறது. 16 நிமிடம் தூக்கம், 5 நிமிடம் விழிப்பு, மறுபடியும் தூக்கம். நீங்கள் அயர்ந்து கிடக்கும் நேரத்தில் அது அத்தனை முறை கண்விழிக்கிறது. காவல் என்று நீங்கள் கேட்டது இதைத்தானே? அந்தக் கடனைப் பகலில் தீர்த்துக்கொள்ள விடுங்கள்.

தூக்கத்தைப் பற்றி மனிதர்கள் கற்ற பெரிய பாடம் ஒன்று டாபர்மேன் நாய்களிடமிருந்து வந்தது, தெரியுமா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிமென்ட் என்ற தூக்க விஞ்ஞானி 1970-களில் ‘நார்கோலெப்ஸி’ என்ற, பகலிலும் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய் உள்ள நாய்களைச் சேர்த்து வளர்த்தார். சாப்பாட்டுத் தட்டைக் கண்டால் அந்த டாபர்மேன்களுக்குச் சந்தோஷம் தாங்காது. சந்தோஷம் வந்ததும் கால்கள் துவண்டு அப்படியே விழுந்துவிடும். சிறிது நேரத்தில் எழுந்து ஒரு வாய் தின்னும், மறுபடி விழும். எம்மானுவேல் மிஞோ தலைமையிலான குழு இந்த நாய்களை வருடக்கணக்காக ஆராய்ந்து, 1999-ல் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தது. விழிப்பைக் காக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற மூளைப் பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பி அந்த நாய்களில் வேலை செய்யவில்லை. அடுத்த ஆண்டே, இந்த நோயுள்ள மனிதர்கள் பெரும்பாலோரின் மூளையில் அந்தப் பொருளே இல்லாமல் போயிருப்பது தெரிந்தது. வகுப்பிலும் அலுவலகத்திலும் தூங்கி வழிந்ததற்காக வாழ்நாள் முழுக்கச் சோம்பேறிப் பட்டம் சுமந்தவர்கள் அவர்கள்! அந்தப் பட்டத்தைத் துடைத்த இனத்தின் மேலேயே நாம் அதைத் திருப்பி ஒட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

மல்லாந்து படுப்பது சூட்டைத் தணித்துக்கொள்ள. வயிற்றில் முடி குறைவு, வியர்ப்பதும் முக்கியமாகப் பாதங்களில்தான். திருச்சி வெயிலில் வேறு எப்படிப் படுக்கும்? பயந்த நாய் வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்காது என்பதையும் நினைத்துச் சந்தோஷப்படுங்கள். தூக்கத்தில் குரைப்பது பெரும்பாலும் கனவு. தொட்டு எழுப்பாதீர்கள், திடுக்கிட்டுக் கடித்துவிடலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று: அது எதன் மேல் படுக்கிறது? கிரானைட்டா, டைல்ஸா? ஐம்பது கிலோவைத் தாண்டும் உடம்பு அது. முழங்கை எலும்புக்கும் தரைக்கும் நடுவில் தோல் மட்டும்தான். முதலில் அந்த இடம் காய்த்துப்போகும், பிறகு நீர் கோத்து உருண்டையாக வீங்கும். கனமான மெத்தை ஒன்று போடுங்கள். பல லட்சம் செலவழித்து வழவழவென்று தரை போடுகிறவர்கள், கால் வழுக்காத ஒரு மூலையைக்கூட நாய்க்கு விடுவதில்லை. வயதானவர்களுக்கும் விடுவதில்லை, அது தனிக் கோபம்.

கிரேட் டேன் தூங்குவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். படுக்க முடியாமல் அலைந்தால் பயப்படுங்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் அது ‘ப்ளோட்’. இரைப்பை முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். நள்ளிரவானாலும் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். இந்த ஒரு பத்தியை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்தாலும் தகும்.

காவல்தான் நோக்கம் என்றால் நம்முடைய கோம்பையும் ராஜபாளையமும் இருக்கின்றனவே? ராஜபாளையத்துக்கு 2005-ல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. அதற்காக இப்போது டேனைக் கைமாற்றி விடாதீர்கள். அதன் ஆயுளே பெரும்பாலும் ஏழிலிருந்து பத்து வருடம்தான்.

ஆனால் நாய் விற்பவர்களோடு என் பழைய சண்டை தீரவில்லை. ஆல்ப்ஸ் மலையில் சுமார் 2,470 மீட்டர் உயரத்துப் பனிக் கணவாயில் வளர்ந்த செயின்ட் பெர்னார்டு நாயை நம் ஊர் ஃபிளாட்டுக்குத் தள்ளிவிட்டு, ‘ஏசி போட்டால் போதும்’ என்கிறார்கள். மே மாத மதியம் கரண்ட் போனால் என்ன செய்வது என்று போன கோடையில் கேட்டிருந்தேன். கோபமாகப் பதில் எழுதினார்கள், கேள்வியை மட்டும் தொடவில்லை. மறுபடியும் கேட்கிறேன்.