பல் டாக்டர் பதில்கள்: ஈறுக்கும் அளவு எடுக்கணுமா?

கேள்வி: ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று போய்விட்டது. இம்பிளான்ட் வைத்து, அதன்மேல் தற்காலிகப் பல் மாட்டி இரண்டு மாதம் ஓடிவிட்டது. அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்து நிரந்தரப் பல் செய்யப் போகிறார்கள். “தற்காலிகப் பல்லைக் கழற்றி, அதையும் வெளியே வைத்துத் தனியாக ஸ்கேன் எடுப்போம்” என்கிறார் டாக்டர். தூக்கிப் போடப்போகிற பல்லுக்கு எதற்கு ஸ்கேன்? பில்லைக் கூட்டவா?
– பள்ளி ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: பில் விஷயத்தில் சந்தேகப்படுவது நல்ல பழக்கம்தான் டீச்சர். ஆனால் உங்கள் டாக்டர் சரியான வேலையைத்தான் செய்கிறார், இதைச் செய்யாமல் விடுகிறவர்களைத்தான் கேட்கணும்.

எலும்புக்குள் இருக்கிற இம்பிளான்ட் சுமார் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள உருண்டையான டைட்டானியம் திருகு. மேல் முன்பல்லோ ஈறை விட்டு வெளியே வருகிற இடத்தில் 6, 7 மில்லிமீட்டர் இருக்கும், அதுவும் வட்டமாக இருக்காது, முனை மழுங்கிய முக்கோணம் மாதிரி. உள்ளே வட்டம், வெளியே முக்கோணம், நடுவில் சில மில்லிமீட்டர் ஈறு. அந்த ஈறை அழகாக வளைத்து விடுகிற வேலையைத்தான் தற்காலிகப் பல்லின் வெளியே தெரியாத அடிப்பகுதி இந்த இரண்டு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறது. முதல் நாள் மாட்டும்போது ஈறு வெளுத்து, கொஞ்ச நேரத்தில் பழைய நிறத்துக்கு வந்திருக்குமே, அதுதான் ஆரம்பம்.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பல்லைக் கழற்றின சில நிமிடத்திலேயே ஈறு உள்பக்கமாகச் சாய ஆரம்பித்துவிடும். கோடையில் தாமிரபரணி மணலில் ஊற்றுத் தோண்டிக் கையை எடுத்ததும் ஓரம் சரியுமே, அப்படி. இம்பிளான்ட் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்று ஸ்கேனருக்குக் காட்ட ‘ஸ்கேன் பாடி’ என்று ஒரு சின்னக் குச்சியைத் திருகி வைப்பார்கள். அதுவும் ஒல்லியான உருண்டைதான், ஈறைத் தாங்காது. ஆக ஸ்கேனர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அது பார்ப்பது சரிந்த ஈறைத்தான். அந்த ஃபைல் சென்னைக்கோ கோவைக்கோ ஏதோ ஒரு லேபுக்குப் போகும், உங்கள் முகத்தையே பார்க்காத டெக்னீசியன் மீதியை ஊகித்து வடிவம் போடுவார். ஊகம் கூடினால் புதுப்பல் ஈறை அழுத்தி மேலே ஏற்றிவிடும், குறைந்தால் பல்லுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு முக்கோண இடுக்கு தெரியும். முன்பல்லில் இது ரெண்டுமே சிரிக்கும்போது காட்டிக் கொடுத்துவிடும்.

அதனால்தான் மூன்று ஸ்கேன். முதலில் தற்காலிகப் பல் வாயில் இருக்கும்போதே ஒன்று. அப்புறம் அதைக் கழற்றி, ஸ்கேன் பாடி வைத்து ஒன்று. கடைசியாக அந்தப் பல்லை, இம்பிளான்டின் நகலான ஒரு உலோகத் துண்டில் திருகிக் கையில் பிடித்துக்கொண்டு, மேலும் கீழும் சுற்றிச் சுற்றி ஒன்று. முதல் இரண்டையும் பக்கத்துப் பற்களை அடையாளமாக வைத்துக் கம்ப்யூட்டர் பொருத்தும், மூன்றாவதை அந்தப் பல்லின் வெளியே தெரிகிற பகுதியை வைத்துப் பொருத்தும். மூன்றும் சேர்ந்துவிட்டால் ஈறுக்குள் ஒளிந்திருந்த அடிப்பகுதியின் வடிவம் அப்படியே கிடைத்துவிடும், ஈறின் வடிவம் என்பது அதன் மறுபக்கம்தானே. இதற்கிடையில் ஈறு சரிந்தாலும் கவலையில்லை என்பதுதான் இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம்.

வேறு வழிகளும் உண்டு. கழற்றின கையோடு ஈறை மட்டும் சடாரென்று ஸ்கேன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கை வேகம் வேணும், ரத்தமோ எச்சிலோ வந்தால் கெட்டது. ஸ்கேன் பாடியைச் சுற்றி இளகின பல் சிமென்ட்டை ஊற்றி நீல லைட்டில் இறுக வைத்து ஈறைத் தாங்க வைப்பதும் உண்டு. மாவு வைத்து அளவெடுத்த காலத்திலும் இதே வித்தையைச் செய்தார்கள்: தற்காலிகப் பல்லை ரப்பர் மாவில் அமுக்கி, இறுகினதும் பல்லை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் அளவுக் குச்சியை வைத்து ரெசின் ஊற்றினால் பல்லின் அடிப்பகுதி அச்சு அசலாக வந்துவிடும். ஆகவே மெஷின் இல்லாத கிளினிக் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். மெஷின் விலையை மட்டும் சொல்லிப் பெருமைப்படுகிற இடத்தைவிட, ஈறைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுகிற டாக்டர் மேல்.

அந்த வாரம் ஈறில் ரத்தம் கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தையும் தேய்க்கணும், பயந்து விட்டுவிடக்கூடாது. கழற்றும்போது திருகு ஓட்டைக்குள்ளிருந்து, பிளம்பர் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப் மாதிரி ஒன்றை இழுத்து எடுப்பார், திடுக்கிட வேண்டாம், திருகின் தலையை மூடி வைக்க அதே வகை டேப்பைத்தான் நாங்களும் பயன்படுத்துகிறோம்.

கேள்வி: என் மருமகள் மாசமாக இருக்கிறாள். வாய்க்குள் ஸ்கேன் எடுக்கலாமா, கதிர் ஏதும் படுமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: இந்த ஸ்கேனர் வெறும் வெளிச்சத்தை வைத்துப் படம் பிடிப்பது, எக்ஸ்-ரே கிடையாது. பயப்பட ஒன்றுமில்லை அம்மா. தாடையைச் சுற்றி வந்து எடுக்கிற சிபிசிடி ஸ்கேன் வேறு, அது எக்ஸ்-ரேதான். எது எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு, மாசமாக இருப்பதை முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் இம்பிளான்ட். தற்காலிகப் பல், ஈறு வடிவம் என்று கூடுதலாகக் கேட்கிறார்கள். தேவையா?
– பலசரக்குக் கடைக்காரர், திருநெல்வேலி டவுண்

பதில்: பெரும்பாலும் தேவையில்லை அண்ணாச்சி. அந்தப் பல்லை யாரும் பார்க்கப் போவதில்லை, மெல்லணும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று, ஈறு ஆறுவதற்கு வைக்கிற வட்ட மூடிக்குப் பதிலாகக் கடைவாய்ப்பல்லின் அகலத்துக்கே செய்த மூடியை ஆரம்பத்திலேயே வைத்தால், பிறகு பல்லுக்குப் பக்கத்தில் சோறும் பாக்குத் தூளும் போய் அடைவது குறைய வாய்ப்பு உண்டு. அதற்குக் கொஞ்சம் கூடக் கேட்டால் கொடுக்கலாம். புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள், அதற்குக் காசு செலவில்லை.

கேள்வி: மகன் துபாயில் வேலை பார்க்கிறான். லீவில் வந்தபோது பாளையங்கோட்டையில் முன்பல் இம்பிளான்ட் வைத்தோம். நிரந்தரப் பல்லை அங்கேயே போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: போடலாம். இம்பிளான்டின் கம்பெனி, மாடல், அகலம், நீளம் எழுதின கார்டை வாங்கி அனுப்புங்கள், ஸ்கேன் எடுத்திருந்தால் அதன் முப்பரிமாண வடிவம் இருக்கிற எஸ்டிஎல் ஃபைலையும் கேளுங்கள், தயங்காமல் கேட்கலாம். இப்போது மாட்டியிருக்கிற தற்காலிகப் பல்லை இங்கே கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டாம். அது வாயிலேயே இருக்கட்டும், அங்குள்ள டாக்டர் அதை வைத்துத்தான் ஈறுக்கு அளவு எடுப்பார்.