பகுப்பாய்வு வேதியியல், மருத்துவ உயிரியல்: மேற்படிப்பு ஐயங்களும் விடைகளும்

பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டில் இருக்கிறேன். பகுப்பாய்வு வேதியியலில் எம்.எஸ்சி. படித்தால் மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு வேலை மட்டும்தானா?

இல்லை. காசநோயாளியின் இரத்தத்தில் ரிஃபாம்பிசின் மருந்து போதிய அளவு இருக்கிறதா என்பதை, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் அளந்து சொல்வதும் பகுப்பாய்வு வேதியியல்தான். 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கி, இன்று சென்னை சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்கும் இடத்தில் இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றை அவசியம் விசாரியுங்கள்: அங்கே மாணவர்கள் தாங்களே மாதிரியைத் தயாரித்து, கருவியை இயக்கி, அளவீட்டு முறையின் துல்லியத்தையும் அது கண்டறியக்கூடிய மிகச் சிறிய அளவையும் சரிபார்க்கிறார்களா, அல்லது பேராசிரியர் இயக்குவதைச் சுற்றி நின்று பார்க்கிறார்களா? பாடத்திட்டத்தின் பெயரைவிட இந்த வேறுபாட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

உயிரித்தொழில்நுட்பத்தில் முதுகலை படிக்க உதவித்தொகை உண்டா?

உண்டு. மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையின் ஆதரவு பெற்ற படிப்புகளில் ஜி.ஏ.டி.-பி என்ற நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்வோருக்கு மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர விரும்பினால் அதற்கான ஜாம் (JAM) நுழைவுத் தேர்வையும் எழுதுங்கள்.

ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்றுவிட்டால் பிஎச்.டி. இடம் உறுதியா? ஆய்வுத் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப். ஆவதும் அதுவும் ஒன்றா?

இரண்டுக்கும் இல்லை என்பதே விடை. சி.எஸ்.ஐ.ஆர்.-நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் பெறும் ஜே.ஆர்.எஃப். உங்களுடையது, 2023 ஜனவரி முதல் அதற்கு மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மதிப்பீட்டில் தேறினால் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆக 42,000 ரூபாயும், இவற்றுக்கு மேல் விதிகளின்படி வீட்டு வாடகைப் படியும் வழங்கப்படுகின்றன. ஆனால் வழிகாட்டியைத் தேடி, நேர்காணலில் தேர்வாகி, இடம் பெறுவது தனி வேலை. திட்டப் பணியிடமோ அந்தத் திட்டத்தின் நிதி தீர்ந்ததும் முடிந்துவிடும். அதில் சேருமுன், எஞ்சியுள்ள காலத்தையும் பிஎச்.டி. பதிவுக்கு வாய்ப்புண்டா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். வீட்டார் உங்கள் ஊதியத்தை எதிர்பார்த்திருக்கும்போது இதைக் கேட்பதில் தவறே இல்லை.

எம்.ஃபில். படித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குப் போகலாமா?

2022ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் எம்.ஃபில். படிப்பை நிறுத்திவிட்டன. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றோர் நேரடியாகவே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். எனினும், ஆய்வகப் பழக்கம் குறைவாக இருப்பவர்கள் முதுகலையை முடித்துவிட்டுச் செல்வதே நல்லது.