ஒரே ப்ராஜெக்டில் ஆளுக்கொரு விதமாகக் கோட் எழுதுகிறோம். எப்படி ஒத்துப்போவது?

வரியின் தொடக்கத்தில் இடம் விட டேப்பா ஸ்பேஸா என்று உட்கார்ந்து பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். அந்த வேலையை ஒரு ஃபார்மேட்டரிடம், அதாவது கோடின் தோற்றத்தைத் தானே ஒழுங்குபடுத்தும் கருவியிடம், விட்டுவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் ப்ரெட்டியர், பைதான் என்றால் பிளாக். பிளாக் ஒரு வரிக்கு 88 எழுத்து என்கிறது, பைதானின் நடை வழிகாட்டியான பெப் 8 சொல்வது 79. எதை எடுத்தாலும் ப்ராஜெக்ட் கெட்டுப்போகாது, ஆளுக்கு ஒன்றாக எடுத்தால்தான் கெடும்.

நான் திருகோணமலையில், உவர்மலை வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். குழுவில் மற்றவர்கள் கிண்ணியாவிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். நேரில் காண்பது அரிது, ஒருவர் எழுதிய கோட் பற்றி மற்றவர் கருத்துச் சொல்லும் ரிவியூவில் எழுதுவதுதான் எங்களுக்குள் பேச்சு. அதில் "இங்கே ஒரு ஸ்பேஸ் விடுங்கோ" என்று பத்து இடத்தில் எழுதினால், புதிதாகச் சேர்ந்த பிள்ளை அடுத்த முறை தன் கோட் எதையும் காட்டவே தயங்கும். அந்தப் பத்துக்கு நடுவில் உண்மையான பிழையும் கண்ணில் படாமல் போய்விடும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

பழைய கோட் நிறைய இருந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். நிலுவையில் உள்ள பிராஞ்ச்களை, அதாவது தனியாக வளரும் கோட் பிரதிகளை, முதலில் மெர்ஜ் செய்து ஒன்றாக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஒரே வரியில் இரு மாற்றம் மோதும் கான்ஃப்ளிக்ட் குவியும். அப்புறம் ஃபார்மேட்டிங் மட்டும் உள்ள ஒரு தனி கமிட் (சேமித்துப் பதியும் ஒரு மாற்றம்). சின்ன பக் ஃபிக்ஸைக்கூட அதில் சேர்க்க வேண்டாம். அதன் பிறகு, கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் பிளேம் பார்த்தால், மாறிய வரிகளுக்கெல்லாம் ஃபார்மேட்டரை ஓட்டியவர் பெயர்தான் வரும். 2019இல் வந்த கிட் 2.23 முதல் இதற்கு வழி உண்டு: அந்த கமிட்டின் ஹாஷை (அடையாளக் குறியீட்டை) ஒரு கோப்பில் எழுதி வைத்தால், பிளேம் அதைத் தாண்டி முந்தைய ஆளைக் காட்டும். இந்த செட்டிங்கை ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் போட வேண்டும், சொல்ல மறந்துவிடாதீர்கள்.

விண்டோஸும் லினக்ஸும் வரி முடிவை வெவ்வேறு விதமாகக் குறிக்கும்; இரண்டும் கலந்த குழு என்றால் கிட்டின் அமைப்புக் கோப்பான கிட்ஆட்ரிபியூட்ஸில் வரி முடிவையும் குறித்து வையுங்கள். கோட் மாறும்போதெல்லாம் தானாகச் சோதிக்கும் சிஐயில் ஃபார்மேட்டுக்கு ஒரு செக் போட்டால் யாரும் யாரையும் நினைவூட்டத் தேவையில்லை.

கோடில் நாம் வைக்கும் பெயர்கள்தான் ஃபார்மேட்டருக்கு எட்டாதவை. நிலாவெளி விடுதிக்கு ஒரு புக்கிங் மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். அறை எடுப்பவர் ஒரு கோப்பில் கஸ்டமர், இன்னொன்றில் கெஸ்ட், வேறொன்றில் யூசர் என்றால், மூவரும் ஒருவர்தானா என்று படிப்பவர் ஒவ்வொரு முறையும் தேட வேண்டும். ஸ்பேஸுக்குச் செலவாகும் நேரத்தை இதற்குக் கொடுங்கள். எல்லோரும் ஒரு தொலைபேசி அழைப்பில் சேர்ந்து பெயர்களை முடிவு செய்து, ப்ராஜெக்டின் அறிமுகக் கோப்பான ரீட்மியில் எழுதி வையுங்கள். புதிதாக வருபவர் முதலில் திறப்பது அதைத்தான்.