மாறுவேடக் காவலர் எதுவரை பொய் சொல்லலாம்?

கேள்வி: மாறுவேடத்தில் வந்து பழகும் காவலரிடம் ‘நீங்கள் போலீஸா?’ என்று நேராகக் கேட்டால் அவர் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும், மறுத்தால் வழக்கே நிற்காது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இது சரியா? காவல்துறையின் பொய்க்குச் சட்டத்தில் எல்லை உண்டா?

பதில்: எல்லை உண்டு, ஆனால் உங்கள் நண்பர் சொல்லும் இடத்தில் இல்லை. அவர் சொல்வது பல காலமாக உலவிவரும் கட்டுக்கதை. கேட்டவுடன் ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால் மாறுவேடப் பணி என்ற ஒன்றே இருக்க முடியாது. பெயரையும் தொழிலையும் மாற்றிச் சொல்வதை நீதிமன்றங்கள் பொதுவாகப் பிழையாகக் கொள்வதில்லை. குற்றம் செய்யும் எண்ணமே இல்லாதவரை நச்சரித்துக் குற்றத்தில் இறக்கினால்தான் சிக்கல் தொடங்குகிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1958-இல் தீர்த்த வழக்கு ஒன்றைப் பாருங்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை பெற்றுவந்த ஒருவரிடம், அரசுக்கு ரகசியமாகத் தகவல் கொடுத்துவந்த இன்னொருவர், தாமும் அதே மருத்துவரிடம் வருபவராக அறிமுகமாகி, தமக்குச் சிகிச்சை பலிக்கவில்லை, வேதனை தாங்க முடியவில்லை என்று திரும்பத் திரும்பக் கெஞ்சினார். முதலில் தட்டிக்கழித்தவர் கடைசியில் இரங்கிப் போதைப்பொருள் வாங்கித் தந்தார், கைதானார். உச்ச நீதிமன்றம் அவருடைய தண்டனையை ரத்து செய்தது. அதே நீதிமன்றம் 1992-இல், அரசு அமைப்புகள் போலி நிறுவனங்களின் பெயரில் 26 மாதங்கள் கடிதம் எழுதி, சட்டவிரோதமான அச்சுப் பொருளை ஒருவரை வாங்கவைத்த வழக்கிலும் தண்டனையைத் தள்ளுபடி செய்தது.

அமெரிக்காவில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் மனச்சாய்வே, அதாவது குற்றம் செய்ய அவர் முன்பே தயாராக இருந்தாரா என்பதே, முதன்மையாக ஆராயப்படுகிறது. அதனால் அவருடைய பழைய குற்றங்களும் விசாரணைக்குள் இழுக்கப்படுகின்றன. பிரிட்டனில் அன்று உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் சபை 2001-இல் வழங்கிய தீர்ப்போ, சாதாரண மனிதர் யாரும் தரக்கூடிய வாய்ப்பைத்தான் காவலர் தந்தாரா, அதற்கு மேல் சென்றாரா என்று காவலரின் நடத்தையைப் பார்க்கிறது. வரம்பு மீறியிருந்தால் வழக்கு விசாரணையே நிறுத்தப்படும். எனக்கு இரண்டாவது அணுகுமுறையே நேர்மையாகப் படுகிறது; ஏனென்றால், ஒருமுறை தண்டனை பெற்றவருக்கு எவ்வளவு தூண்டில் போட்டாலும் தகும் என்ற நினைப்புக்கு அது இடம் கொடுப்பதில்லை.

கேள்வி: பொய் சொல்லிப் பெற்ற வாக்குமூலம் செல்லுமா?

பதில்: எந்தக் கட்டத்தில், எப்படிப் பெற்றார்கள் என்பதைப் பொறுத்தது. சிறையில் சக கைதியாக நடித்த காவலரிடம் ஒருவர் கட்டாயம் ஏதுமின்றிக் கொலையைப் பற்றிப் பேசியபோது, பேசாமல் இருப்பது போன்ற அவருடைய உரிமைகளை முன்கூட்டி எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று 1990-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் முறைப்படி குற்றஞ்சாட்டப்பட்டு, வழக்கறிஞரும் அமர்த்தப்பட்டுவிட்ட பிறகு நிலை மாறுகிறது. பிணையில் இருந்த ஒருவரின் கூட்டாளியை அரசு தன் பக்கம் இழுத்து, அந்தக் கூட்டாளியின் காரில் ஒலிபரப்புக் கருவி பொருத்திப் பேச்சைக் கேட்ட வழக்கில், அந்தப் பேச்சைச் சான்றாகப் பயன்படுத்தக் கூடாது என்று 1964-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கனடாவில் ‘மிஸ்டர் பிக்’ என்றொரு உத்தி இருக்கிறது. காவலர்கள் குற்றக் கும்பலாக நடித்துச் சந்தேக நபருக்கு வேலையும் பணமும் நட்பும் கொடுத்து, இறுதியில் ‘தலைவர்’ முன் நிறுத்திப் பழைய குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வார்கள். தனிமையில் தவிப்பவர், கிடைத்த நட்பை இழக்க அஞ்சிச் செய்யாததையும் செய்ததாகச் சொல்லிவிடக்கூடும். எனவே அத்தகைய வாக்குமூலம் முதல் நோக்கில் ஏற்கத்தக்கதன்று, அதன் சான்று மதிப்பு, அது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு விளைவிக்கும் பாதகத்தைவிட மிகுதி என்று அரசுத் தரப்பே நிறுவ வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2014-இல் விதித்தது.

கேள்வி: காதலிப்பதுபோல் நடித்துத் தகவல் திரட்டினால்?

பதில்: பிரிட்டனில் போராட்டக் குழுவுக்குள் ஊடுருவிய காவலர் ஒருவர் பெண் ஆர்வலரோடு நெடுங்காலம் உறவு கொண்டிருந்தார். அரசின் ரகசியக் கண்காணிப்பு பற்றிய புகார்களை விசாரிக்கும் புலனாய்வு அதிகாரங்கள் தீர்ப்பாயம் 2021-இல், அந்தப் பெண்ணின் தனிவாழ்வு உரிமை மட்டுமன்றி, இழிவான நடத்தைக்கு ஆளாகாதிருக்கும் உரிமையும் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது.