நோய் குணமாகிப் பல மாதம் கழித்தும் ஒருவரிடமிருந்து வைரஸ் பரவுமா? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பரவலாம். ஆனால் சில வைரஸ்கள்தான், அதுவும் குறிப்பிட்ட வழிகளில் மட்டும்தான்.

நம் வீடுகளிலேயே நடப்பது அக்கி. சின்ன வயதில் சின்னம்மை போட்டுப் போனாலும் அந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும், வயதானபின் அக்கியாகக் கிளம்பும். சூளைமேட்டில் எங்கள் பெரியம்மா இடுப்பில் அக்கிக்குக் காவி எழுதிக்கொண்டு பேரனைப் பக்கத்திலேயே படுக்கவைத்திருந்தார். இரண்டு வாரத்தில் பையனுக்கு அம்மை. பள்ளியில் யாருக்கும் இல்லையே, எங்கிருந்து வந்தது என்று வீடே குழம்ப, டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "வீட்டில் யாருக்காவது அக்கி இருந்ததா?" கொப்புள நீரிலிருந்து தொற்றியிருக்கிறது.

ஆப்பிரிக்காவில் உயிர்களைப் பறித்த வைரஸ் காய்ச்சலான எபோலாவில் இதே தேடல் இன்னும் நுணுக்கமானது. விந்தகம், கண்ணின் உட்பகுதி போன்ற இடங்களில் நம் எதிர்ப்புச் சக்தி அடக்கி வாசிக்கும், அதனால் ரத்தம் சுத்தமான பிறகும் வைரஸ் அங்கே ஒளிந்திருக்கலாம். லைபீரியாவில் 2015 மார்ச்சில், ஒரு மாதமாகப் புது நோயாளியே இல்லாத நேரத்தில், ஒரு பெண்ணுக்கு எபோலா வந்தது. அவர் நோயாளி யாரையும் பார்க்கவில்லை, சாவு வீட்டுக்கும் போகவில்லை. விசாரித்தால், முந்தைய ஆண்டு அக்டோபரில் குணமாகி வீடு திரும்பிய ஒருவரோடு உறவு இருந்திருக்கிறது. அவருடைய விந்தில், நோய் கண்டு 199 நாள் கழித்தும் வைரஸின் மரபணு கிடைத்தது, அந்தப் பெண்ணின் வைரஸோடு அது ஒத்துப்போனது. கினியாவில் 2021-ல் வந்த எபோலா இதைவிட ஆச்சரியம். முந்தைய பரவலுக்குப் பின் ஐந்தாறு வருடம் ஆளுக்கு ஆள் பரவியிருந்தால் வைரஸின் மரபணுவில் நூறு மாற்றமாவது சேர்ந்திருக்கும், இருந்ததோ பன்னிரண்டு போல. அதனால்தான், எப்போதோ மீண்ட ஒருவரின் உடலில் அது அடங்கிக் கிடந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

நம் நாட்டிலும், 2014 நவம்பரில் லைபீரியாவிலிருந்து குணமாகி டெல்லி வந்த ஒருவருக்கு ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, விந்தில் இருந்தது, தனியாக வைத்துக் கவனித்தார்கள்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க, மீண்டவர் தன் படுக்கையறை விஷயத்தை வாய் திறந்து சொல்ல வேண்டும், மாதிரியும் கொடுக்க வேண்டும். கொரோனா சமயத்தில் இங்கே வாசலில் தகரம் அடித்ததும் அக்கம்பக்கம் முகம் திருப்பியதும் ஞாபகமிருக்கும், அப்படி நடத்தினால் யார் சொல்வார்கள்? எபோலாவிலிருந்து மீண்டவரோடு கைகுலுக்கலாம், ஒரே பந்தியில் சாப்பிடலாம், தாராளமாக. ஆண்கள் மட்டும் விந்துப் பரிசோதனையில் இரண்டு முறை இல்லை என்று வரும்வரை ஆணுறை இல்லாமல் உறவு கொள்ளக் கூடாது.