டயாலிசிஸ் எடுப்பவர் தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

"டாக்டர் எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு சொல்லிடுறார் அப்பா. வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுத்துடுறார். என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் என்று ஆறு வருடமாக டயாலிசிஸில் இருக்கிறேன். முதல் இரண்டு வருடம் நானும் அவரைப் போலத்தான்.

பொய் சொல்கிறோம் என்றில்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒரு கையில் ஊசி, பக்கத்து நாற்காலிக்காரர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார், எங்கோ ஒரு மெஷின் கத்தும். அதற்குள் நம் கஷ்டத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது? சோர்வு என்று சொன்னால் இன்னும் அரை மணி நேரம் கூட்டிவிடுவார்களோ என்ற பயம் வேறு. ரிப்போர்ட்டில் நான் சொக்கத்தங்கம். ரத்தம் எவ்வளவு சுத்தமாகிறது என்று காட்டும் கேடி/வி 1.2-க்குக் குறையக் கூடாது என்பார்கள், எனக்கு 1.4. பொட்டாசியம் சரி, பி.பி.யும் பரவாயில்லை. அதைப் பார்த்துவிட்டு அவரும் நகர்ந்துவிடுவார்.

ஆனால் கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் கல்லாக இறுகும். சிஸ்டர் ஓடிவந்து என் பாதத்தைத் தன் உள்ளங்கையால் பின்னால் தள்ளிப் பிடிப்பார், கொஞ்சம் சலைன் விடுவார், விட்டுப்போகும். இதெல்லாம் டயாலிசிஸில் சகஜம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

புதிதாக வந்த ஒரு சிஸ்டர்தான் வேறு மாதிரி கேட்டார். "வீட்டுக்குப் போனா எத்தனை மணிக்கு எழுந்து நடமாடுவீங்க?" மறுநாள் காலை பத்து ஆகும் என்றேன். எனக்கு முடிவது மாலை நாலு மணிக்கு. எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. பதினெட்டு மணி நேரம்! அன்றே டாக்டர் வந்து கணுக்காலை அழுத்திப் பார்த்தார், பசி எப்படி என்று கேட்டார். பசி திரும்பி ஏழெட்டு மாதமாகியிருந்தது, உடம்பில் சதை போட்டிருந்தது. டிரை வெயிட்டை, அதாவது கூடுதல் தண்ணீர் போனபின் இருக்க வேண்டிய எடையை, மட்டும் யாரும் மாற்றவில்லை. எடை மெஷினுக்குச் சதையும் தண்ணீரும் ஒன்றுதானே. கூடிய எடை முழுவதையும் தண்ணீர் என்று கணக்குப் போட்டு ஒவ்வொரு தடவையும் கூடுதலாக உறிஞ்சியிருக்கிறார்கள். டிரை வெயிட்டை இரண்டு தவணையில் 800 கிராம் ஏற்றினார்கள். மூன்றாவது வாரம் இரவு எட்டு மணிக்கே எழுந்து உட்கார்ந்தேன்.

அந்தக் கேள்வி சாதாரணமானதில்லை. பல நாட்டு டயாலிசிஸ் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துவரும் டாப்ஸ் ஆய்வு 2014-இல் அதையே பார்த்தது. தெளிய 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சேரும் ஆபத்தும் உயிராபத்தும் அதிகம் என்று வந்தது. அதனால் அப்பாவிடம் 'சோர்வு' என்ற வார்த்தையை விடச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தெளிந்தது, அதுவரை எதைச் செய்ய முடியவில்லை என்று சொன்னால் போதும். "குளிக்கக்கூட எழுந்திரிக்க முடியலை" என்றால் டாக்டருக்கு உடனே பிடிபடும்.

அரிப்பையும் இப்படித்தான் விழுங்கிவிடுகிறோம். அதே டாப்ஸின் 2017 ஆய்வில், அரிப்பு ஏறக்குறைய எப்போதும் படுத்தியவர்களிலேயே 17 சதவீதம் பேர் ஆஸ்பத்திரிக்காரர்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மருந்து இருக்கிறது, அதுதான் கொடுமை. (நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்; சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அளவு வேறு.) இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றினால் அதையும் சொல்லச் சொல்லுங்கள். மெஷினில் இருக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ கண் இருட்டினாலோ மட்டும் ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம், அந்த நொடியே கூப்பிட வேண்டும்.

சில இடங்களில் கேடிகியூஓஎல் என்று, உடம்பும் அன்றாட வாழ்க்கையும் எப்படி இருக்கிறது என்று கேட்கும் 36 கேள்விகள் உள்ள ஒரு படிவம் தருவார்கள். நான் முதல் தடவை எல்லாவற்றுக்கும் நடுக்கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்தேன். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடம் இன்னும் வேகமாக டிக் போட்டேன். இது அவர்கள் தப்பு என்றுதான் இன்றும் சொல்வேன். எழுதி வாங்கினால் அதை வைத்துப் பேச வேண்டாமா? தாம்பத்தியம் பற்றிக்கூட அதில் ஒரு கேள்வி உண்டு. அதைப் பக்கத்து நாற்காலிக்காரர் முன்னால் யார் பேசுவார்கள்? அப்பா படிவத்தை வீட்டில் வைத்து நிரப்பட்டும். அப்புறம் டாக்டரைத் தனியாகப் பார்க்க நேரம் கேளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அவர் "நல்லா இருக்கேன்" என்றதும் குறுக்கே புகுந்து "இல்ல டாக்டர்" என்று ஆரம்பிக்காதீர்கள். என் மனைவி ஒரு தடவை அப்படிச் செய்து, டாக்டர் முன்னாலேயே அவளோடு சண்டை போட்டேன். அதற்கப்புறம் அவள் நான் எழுந்த நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் சட்டைப் பையில் வைத்துவிடுகிறாள். இப்போது ரவுண்ட்ஸில் டாக்டரே "சீட்டு எங்கே?" என்றுதான் கேட்கிறார்.